கிளினிக் வரிசையில் கிடைத்த தொழில்

"அக்கா, வீட்டுல இருந்தே ஏதாவது செய்யணும். ஒரு ஐடியா சொல்லுங்க." இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவில், சத்துமா செய்து விற்கத் தொடங்கிய பிறகு எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதுதான். கேட்பவர்கள் எல்லோருமே கைக்குழந்தையோ பாடசாலை போகும் பிள்ளைகளோ உள்ள தாய்மார். ஒரு வரியில் பதில் சொல்லி போனை வைக்க எனக்கு மனம் வருவதில்லை. அதனால் இந்த யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது, அது காசாகக் கைக்கு வரும்வரை எதையெல்லாம் தாண்ட வேண்டியிருந்தது என்று முழுதாக எழுதிவிடுகிறேன்.

நாடே பொருளாதார நெருக்கடியில் விழுந்த 2022ஐ மலையகத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முந்தின வருடம் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தியதில் தேயிலைக் கொழுந்து குறைந்து, தோட்டத்தில் வேலை நாளும் குறைந்திருந்தது. நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021இல் வந்தது உண்மை. ஆனால் எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், இல்லாவிட்டால் அரைப் பேர். என் கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். கேஸ் கிடைக்காமல் கடையைப் பூட்ட, அவரும் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தார். சின்ன மகளுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகலாம்தான், ஆனால் அவளுக்கு மாதத்தில் பாதி நாள் சளியும் இழுப்பும். வீட்டில் இருந்தபடியே காசு வருவதற்கு ஒரு வழி எனக்கு வேண்டியிருந்தது.

யோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவே இல்லை. தையல் பழகு, கேக் அடிக்கப் பழகு, அழகுக்கலை படி, காளான் போடு. எல்லாம் நல்ல தொழில்தான். ஆனால் தோட்டத்தில் எங்கள் டிவிஷனில் ஏற்கெனவே தையல் மெஷின் வாங்கிவைத்த பெண்கள் பலர் இருந்தார்கள். மெஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. கேக் வாங்கும் வீடு எத்தனை? பிறந்தநாளுக்கு ஒன்று, வருடப் பிறப்புக்கு ஒன்று. "என்ன பழகலாம்" என்பதிலிருந்து தொடங்கினால் இங்கேதான் வந்து நிற்கிறோம். நம் பக்கத்து வீட்டுத் தாய்க்கு என்ன கிடைக்காமல் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதுதான் சரியான வழி என்று நான் நம்புகிறேன். எனக்கு அப்படித்தான் நடந்தது.

மாதாமாதம் பிள்ளைகளின் நிறை பார்க்கும் கிளினிக் எங்கள் டிஸ்பென்சரியில் நடக்கும். அந்த நாட்களில் பால்மா இல்லை, இருந்தாலும் வாங்கும் விலையில் இல்லை. நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் சத்துணவு மாவான திரிபோஷவுக்கும் நாடு முழுக்கத் தட்டுப்பாடு. மிட்வைஃப் மிஸ் ஒவ்வொரு பிள்ளையையும் தராசில் போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்து, தாய்க்குக் காட்டுவார். புள்ளி பச்சையை விட்டு இறங்கியிருந்தால் அந்தத் தாயின் முகமும் இறங்கிவிடும். அன்றைக்கு அப்படிப் பலரின் முகம். "குரக்கன், பயறு, சோளம் எல்லாம் வறுத்து அரைச்சு கஞ்சி காய்ச்சிக் குடுங்க" என்றார் மிஸ். எனக்கு முன்னால் நின்ற பெண் மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், காலையில வேலைக்குப் பெரட்டுக்குப் போயி பொழுது சாய வர்றேன். எப்ப வறுக்கிறது, எப்ப மில்லுக்குப் போறது? யாராச்சும் அரைச்சுக் குடுத்தா வாங்கிக்குவேன்."

வரிசையில் நின்ற மற்றவர்களும் "ஆமா, எனக்கும்" என்றார்கள். என் அம்மா ஊரிலேயே நன்றாக மா வறுப்பவர். சின்ன வயதிலிருந்தே அவர் பக்கத்தில் அகப்பையோடு நின்று பழகியவள் நான். அதைத் தொழிலாக நினைக்க அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

உடனே போய் சாமான் வாங்கவில்லை. முதலில் கேட்டேன். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையை எடுக்க வரும் நேரத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் பக்கத்தில், எங்கெல்லாம் பெண்கள் கூடுகிறார்களோ அங்கெல்லாம். "சத்துமா வாங்குவீங்களா?" என்று கேட்டால் நம் முகத்துக்காக எல்லோரும் ஆமா என்பார்கள். அதனால் வேறு மாதிரி கேட்டேன்: இப்போது பிள்ளைக்குக் காலையில் என்ன கொடுக்கிறீர்கள்? அதை எங்கே வாங்குகிறீர்கள்? எந்தத் திகதியில் வாங்குவீர்கள்? கடைசிக் கேள்விதான் எனக்கு அதிகம் உதவியது. சம்பளம் 10ஆம் திகதி, அட்வான்ஸ் 25ஆம் திகதி. சம்பளம் வந்த கிழமையில் அரைக் கிலோ வாங்கக் காசு இருக்கும். மாதக் கடைசியில் 100 கிராம் வாங்கத்தான் இருக்கும். பெரிய பக்கெட் மட்டும் போட்டிருந்தால் பாதி மாதம் எனக்கு வியாபாரமே இருந்திருக்காது. தோட்டத்தில் எந்தப் பொருள் விற்க நினைத்தாலும் முதலில் இந்த இரண்டு திகதிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செய்கிற வேலை. குரக்கன் (கேழ்வரகு), சிவப்பரிசி, பயறு, சோளம், சோயா, கொஞ்சம் உழுந்து. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். குரக்கன் சின்ன மணி, கண்மூடித் திறப்பதற்குள் கருகும். சோயாவை மெல்லிய சூட்டில் நிறைய நேரம் விட வேண்டும், அப்போதுதான் பச்சை வாடை போகும். பயறு வாசம் வரும்போதே இறக்கிவிட வேண்டும், நிறம் மாறும்வரை விட்டால் கசக்கும். கச்சான், அதாவது நிலக்கடலை, போடும்படி பலர் சொன்னார்கள். போட்டால் ருசிதான், ஆனால் எண்ணெய் காறி, மா கெதியில் பழுதாகும். சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவும் மாட்டாது. அதனால் சேர்ப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் பெரிய எதிரி ஈரம். மே கடைசியில் தொடங்கும் மழை செப்டெம்பர் வரைக்கும் விடாது, வெயில் முகம் தெரியாத கிழமைகளும் உண்டு. கழுவிய தானியம் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். சோளத்தில் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சு எவ்வளவு வறுத்தாலும் முழுதாகப் போகாது. பிள்ளைகளின் சாப்பாடு இது, இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. மூட்டையாக வாங்காமல், மில்லுக்குப் போகும் கிழமைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குகிறேன். சோளத்தை வெள்ளைத் துணியில் பரப்பி, கறுத்த மணியையும் சுருங்கிய மணியையும் ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். என் மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. மழைக் காலத்தில் கழுவுவதைக் குறைத்து, நன்றாகப் புடைத்து, துணியால் துடைத்து, அடுப்புக்கு மேலே கட்டிய தட்டில் உலரவிட்டு வறுக்கிறேன்.

மில்லில் ஒரு விஷயம். டவுனில் அரைக்கும் மில்லில் மிளகாயும் மல்லியும் அரிசியும் ஒரே இயந்திரத்தில்தான் விழும். மிளகாய் அரைத்த பிறகு நம் மாவைப் போட்டால் காரம் ஏறிவிடும், பிள்ளை வாயில் வைக்காது. மில்காரர் நல்ல மனிதர். காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார். முதலில் ஒரு சுண்டு பச்சரிசியைப் போட்டு ஓடவிட்டு, அதைத் தனியே எடுத்துவிட்டுத்தான் என் மாவைப் போடுவார். அதற்காக முதல் பஸ்சைப் பிடிக்கிறேன். அரைத்து வந்த மா சூடாக இருக்கும்போது பக்கெட்டில் போடக் கூடாது. உள்ளே வியர்த்து கட்டி பிடிக்கும். அகலமான தட்டில் பரப்பி, முழுதாக ஆறிய பிறகு அரிதட்டில் சலிக்க வேண்டும். ஆரம்பத்தில் சீலர் வாங்கக் காசில்லை. பொலித்தீன் வாயை இரும்புவாள் பிளேட்டின் ஓரத்தில் மடித்து, மெழுகுவர்த்திச் சுடரில் இழுத்து ஒட்டினேன். கை பழகிவிட்டால் அதுவும் நன்றாகத்தான் ஒட்டும்.

முதலில் செய்ததைக் கிளினிக்கில் பார்த்த அதே தாய்மாருக்குக் கொடுத்து, பிள்ளைகள் குடிக்கிறார்களா என்று மட்டும் சொல்லச் சொன்னேன். உழுந்து வாசம் கூடுதல் என்றார்கள், குறைத்தேன். மிட்வைஃப் மிஸ்ஸிடமும் காட்டினேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று யார் கேட்டாலும் சொல்லச் சொன்னார். சின்னக் குழந்தைக்கு என்று கேட்டு வருபவர்களை முதலில் அவரிடம்தான் அனுப்புகிறேன்.

விலை போடும்போது தானியம், மில் கூலி, பஸ் காசு, விறகு, பொலித்தீன் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். அதோடு என் கூலியையும் எழுதினேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பெண்கள் தம் நேரத்துக்குக் காசு போடுவதில்லை. நாம் மலைக்குப் போயிருந்தால் ஒரு பேர் கிடைத்திருக்கும், அந்தக் கணக்கு இங்கேயும் இருக்க வேண்டும். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபாவானபோது என் கூலியையும் கூட்டித்தான் புதிய விலை போட்டேன்.

டவுன் கடைகளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் லேபிள் வேண்டும், லேபிளுக்கு வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். அதுதான் என்னை அதிகம் அலையவைத்தது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் வாங்கினால், வியாபாரம் நடக்கும் இடத்துக்கான உரித்தை, அல்லது உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்கிறார்கள். லயத்துக் காம்பரா யாருக்குச் சொந்தம்? ஐந்து தலைமுறை இருந்தாலும் நம் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தோட்ட நிர்வாகத்திடம் கடிதம் கேட்டேன். அங்கே நான் முதலில் போய்க் கேட்ட அதிகாரி, லயத்தில் கடை போட விட முடியாது என்று திருப்பி அனுப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஊரே பிறந்து வளர்ந்த வீட்டில் மா வறுத்து விற்க அனுமதிக்கு நிற்க வேண்டியிருப்பது அநியாயம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்புறம் கிராம சேவகர் ஒரு வழி சொன்னார். கடை இல்லை, வீட்டுக் கைத்தொழில், வெளி ஆட்கள் வந்து போக மாட்டார்கள் என்று தெளிவாக எழுதி, மகளிர் சங்கத்தின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். கடிதம் கிடைத்தது. நீங்களும் கேட்பதானால் வாயால் கேட்காமல் எழுதிக் கொண்டுபோங்கள், ஒரு பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்கிவையுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அடுப்படியைப் பார்த்தார். பயந்துகொண்டிருந்தேன், ஆனால் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தானியம் நிலத்தில் படாமல் மூடி போட்ட வாளியில் இருக்க வேண்டும், தலைமுடியைக் கட்ட வேண்டும், நோய் தீரும் என்றெல்லாம் லேபிளில் எழுதக் கூடாது. சேர்த்த பொருட்கள், நிறை, செய்த திகதி, முடியும் திகதி, முகவரி கட்டாயம். சிறு தொழில் செய்பவர்களுக்குப் பயிற்சி தரும் அரசாங்கத்தின் விதாதா வள நிலையத்தில் உணவுப் பொருள் பொதி செய்வது பற்றிய பயிற்சிக்கும் போனேன். அங்கே சிங்களத் தாய்மாரோடு சேர்ந்து படித்தது எனக்குத் தைரியம் தந்தது.

முதலுக்குச் சீட்டுக் காசைத்தான் எடுத்தேன். கிழமைக்குக் கிழமை வந்து வசூலிக்கும் கடனை எடுக்கும்படி, கடன் கொடுப்பவர்கள் குழுவாக வந்து கேட்டார்கள். எங்கள் லயத்தில் அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்து, கம்மலை அடகு வைத்து, வெளிநாட்டு வேலைக்குப் போன தாய்மாரை எனக்குத் தெரியும். விற்பனை 10ஆம் திகதிக்குத்தான், தவணையோ ஒவ்வொரு கிழமையும். இந்தக் கணக்கு ஒத்துவராது. சின்னதாகத் தொடங்கி, விற்ற காசில் அடுத்த சாமான் வாங்குங்கள்.

சத்துமா எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் தெரியும். என் மதினிக்குத் தையல் தெரியும், ஆனால் வேலை இல்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி கொடுக்கிறதே, அதைத் தைக்கத் தாய்மார் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு டவுனுக்குப் போவதைக் கவனித்தாள். துணி கொடுக்கும் காலத்தில் மாலையில் லயம் லயமாகப் போய் அளவெடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூடிக் கிடந்த மெஷினுக்கு வேலை வந்தது. சிவனொளிபாதமலை அடிவாரத்தில், நல்லதண்ணிப் பக்கம், எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கம்பளித் தொப்பி பின்னுகிறார். டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். இரவில் ஏறுபவர்கள் கீழ்நாட்டிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்து குளிரில் நடுங்குகிறார்கள். கடையில் இருக்கும் தொப்பிகள் எல்லாம் பெரியவர்களுக்கு. இவர் பார்த்தது தூக்கிக்கொண்டு போகும் கைக்குழந்தைகளை. சின்னத் தொப்பியும் காலுறையும் பின்னி, மழை மாதங்களில் சேர்த்துவைத்து, சீசனில் கடைகளுக்குக் கொடுக்கிறார். மூன்று பிள்ளைகளின் தாய் என்பதால்தான் அவர் கண்ணில் அது பட்டது.

ஆகவே ஐடியா கேட்டு அழைக்கும் தங்கச்சிமாருக்கு இப்போது நான் ஒரு வேலை கொடுக்கிறேன். ஒரு மாதம், பிள்ளையோடு போகும் இடமெல்லாம், பாடசாலை வாசல், கிளினிக், கோயில், பஸ் நிற்கும் இடம், எந்தத் தாயாவது "இது கிடைக்குதில்ல", "இதுக்கு நேரம் இல்ல", "இதுக்காக டவுனுக்குப் போகணும்" என்று சொன்னால் அதைக் கொப்பியில் எழுதச் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் சொல்லியிருந்தால், அதில் எது உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரியும் என்று பாருங்கள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுங்கள், விலையையும் லேபிளையும் சேர்ந்தே பார்க்கலாம்.

போன கிழமை ஒரு பெண் அப்படிக் கொப்பியோடு வந்தாள். அவள் டிவிஷனில் பெண்கள் காலை இருட்டில் எழுந்து ரொட்டி தட்டுகிறார்கள், அதோடு தொட்டுக்கொள்ளச் சம்பல் இடிக்க நேரமில்லை என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். வறுத்த தேங்காய் இடிசம்பல் அவள் பாட்டியின் கைப்பழக்கம். எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று பார்க்க, அவள் கொண்டுவந்த போத்தல் ஒன்றில் திகதி எழுதி என் அடுக்களையில் வைத்திருக்கிறோம்.