கம்பளையில் பிறந்த ரஞ்சித் சிங்

எண்பதுகளில் நம் கல்லூரியில் படித்தவர்களில் ரஞ்சித் சிங்கைத் தெரியாதவர் இருக்க மாட்டார். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரில் தாடியும் தலைப்பாகையுமாக வந்து, ஏதாவது பிழை விட்டதும் கைகூப்பி, 'எ தௌசண்ட் அபோலஜீஸ்' என்று குனிவாரே, அந்தச் சீக்கிய மாணவர்தான். அவராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் பஞ்சாப்காரர் அல்லர். இலங்கை மலைநாட்டில், நம்முடைய கம்பளையில் பிறந்தவர். தவணை விடுமுறைக்கு விடுதியிலிருந்து தோட்டத்துக்குப் போகும்போது நம் ரயில் நின்று போகுமே, அதே கம்பளை.

லண்டனுக்கு வந்து வெகுகாலம் கழித்து, நம் பழைய மாணவர் சங்கத்து மூத்தவர் ஒருவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியவந்தது. அன்றிலிருந்து மோசஸ் தலைகாட்டிய படங்களையும் தொடர்களையும் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். சங்க மலருக்குப் பள்ளி நினைவு எழுதச் சொன்னார்கள். எனக்குப் பள்ளி நினைவென்றால் அதற்குள் இவரும் வந்துவிடுகிறார்.

இலங்கையின் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. எங்கள் விடுதிக்கு ரி.வி. கிடையாது. மைதானத்துக்குப் பின்னால் இருந்த வீட்டு அம்மா எங்களைக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க விடுவார். சீமெந்துத் தரை சில்லென்று இருக்கும். ஆளுக்கொரு பழைய பேப்பரை மடித்துப் போட்டுக்கொண்டு உட்காருவோம். அந்தத் தொடரின் கதை என்ன பெரிய கதை? லண்டனில் ஒரு மாலை வகுப்பு. பல நாடுகளிலிருந்து வந்த பெரியவர்கள் ஆங்கிலம் படிக்கிறார்கள், பொறுமைசாலியான பிறவுண் மாஸ்டர் கற்பிக்கிறார். ஆங்கிலப் பாடத்துக்கு நடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு, பெரிய ஆட்களும் நம்மைப் போலவே தடுமாறுகிறார்களே என்பது அப்படியொரு ஆறுதல்.

மறுநாள் இடைவேளையில் ரஞ்சித்துக்கும் பாகிஸ்தானிய மாணவர் அலிக்கும் நடந்த சண்டை எங்கள் வகுப்பில் மறுபடி நடக்கும். ரஞ்சித்தாக நடிக்கத்தான் போட்டி. ஆனால் நாங்கள் கத்திக் கத்தி நடித்தோம். மோசஸ் கத்தியது குறைவு. இப்போது திரும்பப் பார்க்கையில்தான் அது பிடிபடுகிறது. அலி வாயைத் திறந்ததும் இவருடைய தலை மெல்லத் திரும்பும். கண் ஒரு கணம் நிலைக்கும். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பும்போது அந்த முகத்திலேயே பணிவு வந்திருக்கும். கோபத்திலிருந்து பணிவுக்குப் போகிற அந்த ஒரு திருப்பத்துக்குத்தான் சிரிப்பு வரும், வசனம் அதற்கு அப்புறம்தான்.

இந்த நிதானம் ஒரு நாளில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அறுபதுகளில் அவர் இந்தியாவுக்குப் போய் இந்திப் படங்களில் நடித்தார், அங்கேயே ஒரு படத்தைத் தயாரித்து இயக்கவும் செய்தார். பிறகு ஆப்பிரிக்காவில் ஆவணப்பட வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு வந்து, தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்களிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அன்றைய நடிப்புத் தொழிலின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஈக்குவிட்டி என்கிற நடிகர் சங்கத்தின் அட்டை இல்லாமல் வேலை கிடைப்பது அரிது, வேலை செய்து காட்டாமல் அட்டை கிடைப்பதும் அரிது. வந்த புதிதில் 'இந்த நாட்டு அனுபவம் உண்டா?' என்ற கேள்வியோடு மல்லுக்கட்டிய நம் எல்லோருக்கும் அது எப்படிப்பட்ட வாசல் என்று தெரியும்.

அந்த வாசலைத் தாண்டியபின் அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். 1975இல் ஷோன் கொனரியும் மைக்கேல் கெய்னும் நடித்த 'த மேன் ஹூ வுட் பி கிங்' படத்தில் ஒரு சிறு பாத்திரம். 1977இல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ'யில் மதுபானம் பரிமாறுபவர். அதே ஆண்டின் கடைசி நாட்களில்தான், டிசம்பர் 30இல், ரஞ்சித் சிங் பிரிட்டிஷ் வீடுகளுக்குள் வந்தார். அடுத்த ஆண்டு 'கேரி ஒன்' நகைச்சுவைப் படம் ஒன்றில் டாக்டர். 1981இல் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' என்ற திகில் படத்தில் ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். 1982இல் பிங்க் ஃபுளொய்ட் குழுவின் 'த வோல்' படத்தில் கட்டடத் துப்புரவாளர். 1983இல் மறுபடியும் பாண்ட் படம், 'ஒக்டோபஸ்ஸி'. இந்தமுறை மதுத் தட்டு இல்லை. உதய்பூரில் பாண்டுக்கு உதவும் உளவுத்துறை ஆள் சத்ருதீன் அவர்தான். கூடவே வருகிறவர் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். கம்பளைக்காரரும் மதராஸ்காரரும் ரொஜர் மூருக்கு வழிகாட்டுகிற அந்தக் காட்சிகளை என் பிள்ளைகளுக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறேன்.

1999இல் வந்த 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' படத்திலும் அவர் இருக்கிறார், வயது அறுபதைக் கடந்தபின். இவற்றில் எதிலும் சுவரொட்டியில் அவர் முகம் கிடையாது. சிலவற்றில் கண் இமைத்தால் தவற விட்டுவிடுவோம். ஆனாலும் கால் நூற்றாண்டாக யாரோ ஒருவர் 'இந்த வேடத்துக்கு மோசஸைக் கூப்பிடு' என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அப்படிக் கூப்பிட வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய கெட்டித்தனம் என்பது என் எண்ணம்.

இந்த எண்ணம் ரி.வி.யில் பிறந்ததல்ல, நம் கல்லூரி மண்டபத்தில் பிறந்தது. தமிழ்த்தின விழா நாடகத்தில் எனக்குக் கிடைத்தது வாயிற்காவலன் வேடம். மூன்று காட்சிகளில் ஈட்டியோடு நிற்க வேண்டும், பேசுவது ஒரே வரி. நாடகம் பழக்கிய சேர் அரசனுக்குச் சொல்லிக் கொடுத்த அதே அக்கறையோடு எனக்கு நிற்கச் சொல்லிக் கொடுத்தார். அரசன் உள்ளே வரும்போது ஈட்டியின் அடி தரையில் ஒரு தட்டு, உடனே பார்வை நேராக. 'நீ ஒழுங்காக நின்றால்தானடா அவன் அரசனாகத் தெரிவான்' என்றார். ஒத்திகை முடிந்தபின் என்னை மட்டும் நிறுத்திவைத்து, அந்த ஒரு தட்டைச் சரியான நேரத்தில் போடும்வரை விடவில்லை. விழா முடிந்து அச்சடித்த நிகழ்ச்சித் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா என் பெயரைத் தேடினார். காவலர், தூதர் பெயர்களை அதில் போடும் வழக்கம் அப்போது இல்லை.

சரி, அந்தத் தொடர் பற்றிய முறைப்பாட்டையும் பேச வேண்டும். ஒவ்வொரு நாட்டவரையும் ஒரே அச்சில் வார்த்துச் சிரிக்க வைத்தது என்பது பழைய குற்றச்சாட்டு, அது சரியானதும்கூட. தொடரைத் தயாரித்த லண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சி நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், இன ரீதியாகப் புண்படுத்துகிறது என்றுதான் மூன்று பருவங்களோடு 1979இல் நிறுத்தினார். நான் இங்கே முதலில் வேலை செய்த அலுவலகத்தில், என் பெயரைச் சொல்ல மனமில்லாத ஒருவர் காலையில் என்னைக் கண்டதும் கைகூப்பி ரஞ்சித்தின் வசனத்தைச் சொல்வார். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஊரில் தரையில் உட்கார்ந்து ரசித்த அதே வசனம் அங்கே என்னைக் குத்தியது. இன்றும் அந்த நினைவு எனக்குக் கசப்புத்தான்.

ஆனால் அந்தக் கசப்பை மோசஸின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அவர் நடிக்க வந்த காலத்தில் பழுப்பு நிற மனிதரின் வேடத்தைக்கூட வெள்ளைக்காரர் முகத்தில் மை பூசிக்கொண்டு நடித்தார்கள். 1969இல் ஸ்பைக் மில்லிகன் 'கரி அண்ட் சிப்ஸ்' தொடரில் அப்படி வந்தார். 1974இல் தொடங்கிய 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹொட் மம்' தொடரில் மைக்கேல் பேட்ஸ் இந்தியராக வந்தார். அந்தத் தொடரிலேயே தேநீர்க்காரராக நடித்தவர் டாக்காவில் பிறந்த டினோ ஷஃபீக், பின்னாளில் நம் அலி. தமக்கென எழுதப்பட்ட வேடமே தமக்குக் கிடைக்காத ஊரில், கிடைத்ததை இவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வசனம் எழுதியவர் வின்ஸ் பவல், நிறுத்தியவர் கிரேட். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களை யார் கேட்டார்கள்? பினாங்கில் பிறந்த பிக்-சென் லிம், மொரீஷியஸில் பிறந்த பிரான்ஸ்வாஸ் பஸ்கால், சிம்லாவில் பிறந்த ஜமீலா மாஸி என்று அந்த வகுப்பே கடல் கடந்து வந்து பிழைத்தவர்களின் வகுப்பு.

பிறவுண் மாஸ்டராக நடித்த பரி எவன்ஸை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. அழகும் பெயரும் உள்ள கதாநாயகன். 1986இல் தொடரை மீண்டும் எடுத்தபோதும் அவர் வந்தார், மோசஸும் வந்தார். ஆனால் எவன்ஸுக்குப் போகப் போக வேடங்கள் வறண்டன. லெஸ்டர்ஷயரில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவர், 1997இல் ஐம்பத்து மூன்று வயதில் இறந்துபோனார். முன்வரிசையில் இருந்தவருக்கு வேலை நின்றுவிட, பின்வரிசையில் இருந்த கம்பளைக்காரருக்கு ஏதோ ஒரு வேடம் வந்துகொண்டிருந்தது. திறமைக்கும் பேருக்கும் உள்ள தொடர்பு நாம் நினைக்கிற மாதிரி இல்லை.

மோசஸ் 2017 செப்டம்பர் 15இல், எண்பதாம் பிறந்தநாளுக்கு மூன்று மாதம் இருக்கையில், லண்டனில் காலமானார்.

நம் சங்கக் கலைவிழாவில் இந்த ஆண்டும் பிள்ளைகளின் நாடகம் இருக்கிறது. செயற்குழுவிடம் ஒன்று கேட்கிறேன். நிகழ்ச்சித் தாளில் காவலன், தூதன், கூட்டத்தில் நிற்கிற சின்னவர் எல்லோருடைய பெயரையும் விடாமல் அச்சிடுங்கள். பக்கத்தில் இடம் போதாவிட்டால் அனுசரணையாளர் விளம்பரங்களைச் சுருக்கலாம். என் கணக்காளர் அலுவலக விளம்பரத்தை முதலில் எடுத்துவிடுங்கள், காசைத் திருப்பித் தர வேண்டாம்.