சிரட்டைத் தெறி வைத்த கோட்

லண்டனில் இருக்கும் அக்காவின் மூத்த மகளுக்குத் தை மாதம் சாமத்தியச் சடங்கு என்று புரட்டாதியிலேயே செய்தி வந்துவிட்டது. விசாவும் டிக்கெட்டும் அத்தானின் பொறுப்பு, உடுப்பு என் பொறுப்பு. மண்டபத்துக்குள் சேலை போதும். மண்டபத்துக்கு வெளியே எதைப் போடுவது? யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளிர் என்றால் மாசிப் பனிதான். "மாசிப் பனி மூசிப் பெய்யும்" என்று சொல்லிக்கொண்டே அப்பா தலையில் துவாயைச் சுற்றிக்கொள்வார். எங்கள் வீட்டுக் குளிர்கால அலங்காரம் அவ்வளவுதான்.

ஆனால் ஆசை பெரிது. மக்ஸ் மாரா என்ற இத்தாலிய நிறுவனத்தின் ஒட்டக நிறக் கோட் ஒன்றின் படத்தைப் பல மாதங்களாகக் கைபேசியில் வைத்திருந்தேன். ஆன் மரி பெரெத்தா என்ற வடிவமைப்பாளர் 1981இல் உருவாக்கியது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, 101801 என்று ஓர் இலக்கம் மட்டும். கம்பளியும் கஷ்மீர் என்ற மெல்லிய ஆட்டுமயிரும் கலந்த துணி, விலை 2,000 பவுணுக்கு மேல். நம்முடைய காசில் எட்டு இலட்சம் தாண்டும். அதற்கு ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கி, மிச்சக் காசில் பெற்றோலும் அடிக்கலாம். என் கையில் இருந்தது 25,000 ரூபாய்.

அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன். "இது தேங்காய்ப் பொச்சு நிறமல்லவா?" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பொச்சுக் கோட் என்றே பெயர். ('கோட்டை வாங்கப்போகிறேன்' என்று எழுதினால் ஒல்லாந்தர் கோட்டைக்கு விலை பேசுகிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். ஆகவே அந்தச் சொல்லை இங்கே கவனமாகத் தவிர்த்து வருகிறேன்.)

படத்தை உற்றுப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. அந்தக் கோட்டின் கை, தோளில் தனியாகப் பொருத்தப்பட்டதல்ல. கிமோனோவைப் போல உடம்புத் துணியோடு சேர்ந்தே இறங்குகிறது. தோளெலும்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாத தளர்ச்சி. அப்படியானால் எனக்கு அளவான பெண்கள் கோட் வேண்டியதில்லை. என்னைவிடப் பெரிய ஆண் ஒருவரின் கோட் கிடைத்தால் கிட்டத்தட்ட அதே விழுகை வந்துவிடும்.

ஐப்பசியில் அலுவலகச் சுற்றுலா நுவரெலியாவுக்கு. எல்லோரும் கிரகரி வாவியில் படகோட்டப் போனார்கள். நான் பேல் பசார் என்ற உடுப்புச் சந்தைக்குள் நுழைந்தேன். குளிருடுப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. பொச்சு நிறத்தில் மூன்று ஆண் கோட்டுகள் அகப்பட்டன, மூன்றிலும் லேபிள் வெட்டப்பட்டிருந்தது. கம்பளியா, பொலியெஸ்டரா என்று எப்படி அறிவது? கைக்கு மூன்றுமே மெத்தென்றுதான் இருந்தன. உள்தையல் ஓரத்தில் பிரிந்து நின்ற நூலை ஒவ்வொன்றிலிருந்தும் விரற்கடை அளவு எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தேநீர்க் கடையில் தீப்பெட்டி வாங்கினேன். முதல் நூல் சுருண்டு உருகி, கறுப்பு மணியாக இறுகியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது உருகவில்லை. பொசுங்கி, விரலில் நசுக்கியதும் தூளாகிப் போனது. அருகில் நின்ற சக ஊழியை மூக்கைப் பொத்திக்கொண்டு "யாருடைய தலைமயிர் எரிகிறது?" என்று கேட்டாள். எனக்கு வேண்டிய பதில் அதுதான், கம்பளியும் மயிர்தானே. 8,500 என்றார் கடைக்காரர், 6,800க்கு முடித்தேன்.

திருநெல்வேலியில் எங்கள் வீட்டுத் தையல்காரர் அண்ணை, பள்ளிச் சீருடையும் சேலைச் சட்டையும் தைத்துத் தைத்தே கண்ணாடி போட்டவர். அவர் கோட்டின் வெளிப்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. உள்ளே புரட்டி லைனிங்கைத் தடவினார். "கையை இரண்டு அங்குலம் குறைத்துத் தருகிறேன் தங்கச்சி. தோளைத் தொட மாட்டேன். தோளைப் பிரித்தால் பிறகு அது யாருடைய கைக்கும் அடங்காது" என்றார். தொட வேண்டாம் என்பதுதானே என் திட்டமும்! பழைய வேட்டித் துண்டொன்றை நனைத்து மேலே விரித்து அழுத்தினார். வெறும் இஸ்திரிப் பெட்டி பட்டால் கம்பளி மினுங்கத் தொடங்கிவிடுமாம்.

மலிவைக் காட்டிக்கொடுத்தது தெறிதான். கறுப்பு பிளாஸ்டிக், கண்ணாடிபோல் பளபளப்பு. விலையுயர்ந்த கோட்டுகளில் பெரும்பாலும் கொம்பில் செய்த தெறி வைப்பார்கள். கொம்புக்கு நான் எங்கே போவது? சிரட்டை இருக்கிறதே! கொழும்புக்குப் போன மச்சாளிடம் சொல்லி, புறக்கோட்டையிலிருந்து சிரட்டைத் தெறி ஒரு டசின் எடுப்பித்தேன். கபிலத்தில் கருங்கோடு ஓடும், மினுக்கம் இல்லை, இரண்டு முழம் தள்ளி நின்று பார்த்தால் கொம்பேதான்.

தடித்த துணியில் தெறியை ஒட்டத் தைக்கக் கூடாது, பூட்டும்போது துணி சுருங்கிக்கொள்ளும். அண்ணை தெறிக்கு மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதற்கு மேலாக நூலை ஓட்டித் தைத்தார். பிறகு குச்சியை உருவி, தெறியை மேலே இழுத்து, அடியில் தளர்ந்த நூலைச் சுற்றிச் சுற்றிக் கழுத்துப்போல் இறுக்கினார். ஒன்றைத் தைத்துக் காட்டிவிட்டு மிச்சத்தை என்னிடம் தந்தார். நுவரெலியாத் தீப்பெட்டி மறுபடியும் உதவியது. ஆண் கோட் என்பதால் தெறி வலப்பக்கம் இருக்கிறது. அதை மாற்றவில்லை, இன்றுவரை யாரும் கவனிக்கவுமில்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காசு மிஞ்சியிருந்தது, பேராசையும் மிஞ்சியிருந்தது. ஷனெல் ஜக்கெற் ஒன்றும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. கோகோ ஷனெல் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் 1954இல் மீண்டும் கடை திறந்த பிறகு பேர்பெற்ற கழுத்துப்பட்டி இல்லாத அந்தக் குட்டைச் சட்டைதான். அதற்கு வேண்டிய ருவீட் என்ற தடித்த கம்பளித் துணிக்கு யாழ்ப்பாணத்தில் வழியில்லை. கைத்தறிக் கடையில் மேசை விரிப்புக்கென்று கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் கலந்து நெய்த தடித்த பருத்தித் துணியை எடுத்தேன். "மேசைத் துணியைப் போட்டுக்கொண்டு லண்டனுக்கா?" என்று அம்மா தலையில் கை வைத்தார். ஓரங்களில் நூலைப் பிரித்து விட்டதும் குஞ்சம் தானாகவே வந்தது.

அந்த ஜக்கெற்றின் சூட்சுமம் உள்ளே இருக்கிறது. கீழ் விளிம்பில், லைனிங் முடிகிற இடத்தில், மெல்லிய சங்கிலி ஒன்றைச் சுற்றிவரத் தைத்திருப்பார்கள். அதன் பாரத்தில் துணி மேலே ஏறாமல், மடியாமல், நேராகத் தொங்கும். நான் இரும்புக்கடையில் மூன்றேகால் அடி சங்கிலி வாங்கிவந்து ஓர் இரவு முழுக்கத் தைத்தேன். காலையில் போட்டுப் பார்த்தால் முன்பக்கம் நனைந்த துவாய்போல் தொங்குகிறது, பின்கழுத்து முதுகுக்குப் போய்விட்டது. அப்பா பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்து, "நாய்க்கு வாங்கிய சங்கிலியா?" என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் பிரித்தேன். கைப்பை திருத்துபவரிடம் பித்தளைச் சங்கிலி கிடைத்தது, விரல் நகத்தில் பாதி அகலம், இழுத்தால் புடலங்கொடிபோல் வளைகிறது. இந்த முறை சரியாக இருந்தது.

லண்டனில் அந்தக் கிழமை பகலில் ஏழு, எட்டுப் பாகை. கோட்டுக்குள் ஜக்கெற், அதற்குள் அக்கா பிரைமார்க்கில் வாங்கி வைத்திருந்த மெல்லிய உள்சட்டைகள் இரண்டு. அடுக்குகளுக்கு நடுவே நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல் என்பதை ஹரோ ரயில் நிலைய மேடையில் இருபது நிமிடம் நின்று தெரிந்துகொண்டேன். அக்காவின் மகள் என்னைச் சுற்றி வந்து, "சித்தி, இது எந்தக் கடை?" என்று கேட்டாள். நுவரெலியா என்றேன். அது லண்டனில் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

திரும்பி வந்தபின் கோட் எங்கள் அலுமாரியில் ஒரு மாதம்கூடத் தொங்கவில்லை. சிரட்டைத் தெறி வாங்கித் தந்த அதே மச்சாளுக்குக் கனடா விசா வந்தது, போட்டுக்கொண்டு போய்விட்டாள். ரொறன்ரோவில் மைனஸ் பதினெட்டாம். "கோட் வடிவாக இருக்கிறது, நான்தான் விறைத்துப்போனேன்" என்று குரல்செய்தி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு முறைப்பாடு: ஒரு தெறி விழுந்துவிட்டதாம், இரண்டாவது வரிசையில் மேலே உள்ளது. அது நான் தைத்த தெறிதான். அடுத்த கிழமை பருத்தித்துறைச் சின்னம்மா அங்கே போகிறார். மிளகாய்த்தூள் பொதிக்குள் இரண்டு தெறியும் நூலும் வைத்திருக்கிறேன், தீப்பெட்டியை மட்டும் அங்கே வாங்கிக்கொள்ளட்டும்.