ஒரே வீட்டில் இரண்டு ஸ்கோப்: அப்பாவின் குடலும் என் குடலும்

எனக்கு வயது 38, அப்பாவுக்கு 72. சென்ற ஆண்டு சில மாத இடைவெளியில் எங்கள் இருவருக்கும் பெருங்குடலில் ஸ்கோப், அதாவது காமிரா பொருத்திய வளையும் குழாய், விட்டுப் பார்த்தார்கள். இருவருக்குமே பாலிப் இருந்தது, குடலின் உள்சுவரில் வளரும் சதை முடிச்சு, சில நாளடைவில் புற்றாக மாறும். ஒற்றுமை அதோடு சரி. கண்டுபிடித்த வழி, அது இருந்த இடம், அதன் உருவம், மருத்துவர்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் வேறு வேறு. எங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பெருங்குடல் புற்றுநோய்ப் பேச்சை எடுத்தால், "அது கிழவர்களுக்கு வருவது" என்பார்கள், இல்லையென்றால் "சீனர்களுக்கு வருவது" என்பார்கள். மலேசியாவில் சீனர்களிடையே விகிதம் கூடுதல் என்பது உண்மைதான். அதற்காக நம் வீட்டு வாசலை அது மிதிக்காது என்று யார் சொன்னது?

அப்பா பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை அறுத்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். அங்கே ஒரு மிஸ்ஸி (நர்ஸ்), "ஐயா, 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது, செய்துகொள்ளுங்கள்" என்று சின்னக் குப்பி ஒன்றைக் கொடுத்தார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. முதல் நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டாயிற்றே என்பதுதான் அப்பாவின் கவலை. அந்தச் சோதனை மனித இரத்தத்தை மட்டுமே பிடிக்கும், கறி சாப்பிட்டதால் கெடாது என்றார் மிஸ்ஸி. முடிவு பாசிட்டிவ் என்று வந்தது. வயிற்று வலி இல்லை, மெலியவில்லை, பசியாறிவிட்டுத் தோட்டத்துக் கோயில் வரை நடந்து வருகிற மனிதர். ஈப்போ மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் வயதுக்கு வழி தயாராக இருந்தது, அவர் நடந்து போனால் போதும்.

என் வயதுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. எனக்கு இரத்தம் கண்ணுக்கே தெரிந்தது. விட்டு விட்டு வரும், சிவப்பாக வரும், வலி இருக்காது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் மூலம் என்று சொல்லிக் களிம்பும் நார்ச்சத்துப் பொடியும் கொடுத்தார்கள். மறுபடி போனபோதும் அதே களிம்புதான். விரல் விட்டுக்கூடப் பார்க்கவில்லை. இளம் வயதில் இப்படி இரத்தம் வந்தால் பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. பார்க்காமலே சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கிடையில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமில் என் ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பெண் என்றால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: மாதவிலக்கு.

அப்பாவை ஈப்போவுக்கு அழைத்துப்போன அன்று, குடும்பத்தில் வேறு யாருக்காவது குடல் தொந்தரவு உண்டா என்று அங்கிருந்த டாக்டரம்மா கேட்டார். என் கதையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இரத்தமும் வருகிறது, இரும்புச்சத்தும் குறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வயதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது" என்றார். அப்பாவுக்குக் கொடுத்த குப்பியை நானும் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, அது அறிகுறியே இல்லாதவர்களுக்கு, இரத்தம் தெரிகிறவர்களுக்கு நேராக ஸ்கோப்தான் என்றார். அமெரிக்காவில் 2021-இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-க்கு இறக்கினார்கள், இளையவர்களிடம் இந்த நோய் கூடிக்கொண்டே வருவதுதான் காரணம். அந்தக் கணக்கிலும் 38 சேராது. என் வயதுக்காரர்களுக்கு அறிகுறி ஒன்றுதான் துருப்பு, அதையும் மூலத்தின் தலையில் கட்டிவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

ஸ்கோப்பை விட அதற்கு முந்தைய நாள்தான் கடினம். சில நாள் முன்பிருந்தே கீரை, காய், விதையுள்ள பழம், பருப்பு எல்லாம் நிறுத்தம். வெள்ளைச் சோறு, முட்டை, மீன், ரொட்டி என்று ஓட்ட வேண்டும். ஸ்கோப்புக்கு முந்தைய நாள் தெளிந்த பானங்கள் மட்டும். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கலாம், மைலோ கூடாது. சிவப்பு சிராப்பும் (சர்பத்) கூடாது, உள்ளே அதன் நிறம் இரத்தம் மாதிரித் தெரியுமாம். என் இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்ட வைக்கும். பிறகு குடலைக் கழுவும் அந்தப் பொடி. லிட்டருக்கு ஒரு பொட்டலம், மூன்று லிட்டர். பழ வாசனை போட்ட கடல்நீர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குளிர வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்தேன். பாதியை இரவிலும் மீதியை விடியற்காலையிலும் குடித்தால் குடல் நன்றாகச் சுத்தமாகும்.

எனக்கு இது வெறும் எரிச்சல். அப்பாவுக்கு ஆபத்தும் இருந்தது. சர்க்கரை மாத்திரையை எந்த வேளை நிறுத்துவது என்று தனியாக எழுதி வாங்கினோம். சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். எங்கள் வீட்டுக் கழிப்பறை சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் இருக்கிறது. முதியவர்கள் இந்த மருந்தைக் குடித்துவிட்டு இரவில் ஓடும்போது தலைசுற்றி விழுவதுண்டு என்று மிஸ்ஸி எச்சரித்திருந்தார். வழி நெடுக விளக்கைப் போட்டு, ஈரத்தைத் துடைத்து, அப்பாவை இரவு முழுக்க அங்கேயே நாற்காலியில் உட்கார வைத்தோம். அவர் என்னைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

ஸ்கோப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போடுகிறார்கள், அரைத் தூக்கம், விழித்தால் முடிந்திருக்கிறது. அன்று முழுக்க வண்டி ஓட்டக்கூடாது, கூட ஆள் வேண்டும்.

அப்பாவுக்கு வலது பக்கப் பெருங்குடலில் இரண்டு, நடுவில் சிறியது ஒன்று. வலதில் இருந்தவை தட்டையானவை, குடல் சுவரின் நிறத்திலேயே மேலே சளி படர்ந்து கிடந்தன. படத்தில் டாக்டரம்மா விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்று ஒரு சென்டிமீட்டருக்கு மேல், அதன் அடியில் உப்புநீர் ஏற்றி உயர்த்தி அறுத்தெடுத்தார்கள். வயது ஏற ஏறப் பாலிப்பின் எண்ணிக்கை கூடும், வலது பக்கத்தில் இருப்பதும் கூடும் என்றார். அந்தப் பக்கம் குடல் அகலம், மலமும் நீராகவே இருக்கும், அதனால் அடைப்போ வலியோ தெரியாது. இரத்தம் கசிந்தாலும் வெளியே வருவதற்குள் கலந்துவிடும். இளையவர்களுக்கு வருகிற புற்றுநோய் பெரும்பாலும் இடது பக்கத்திலும் மலக்குடலிலும் இருக்கும். வாசலுக்கு அருகில் இருப்பதால் இரத்தம் சிவப்பாகவே தெரியும். மூலமும் அப்படித்தான் தெரியும், குழப்பமே அதனால்தான்.

எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று, இடது பக்கம் சிக்மாய்டு பகுதியில், காம்போடு, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். அங்கேயே அறுத்தெடுத்துவிட்டார்கள். அப்பாவின் பயாப்சி முடிவு சாதாரணமாக வந்தது: அடினோமா, புற்று இல்லை. என்னுடையதில் பாலிப்பின் தலைப்பகுதிக்குள் ஆரம்பநிலைப் புற்றுநோய்.

அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு நடந்த பேச்சு நீளமானது. புற்று சளிச்சவ்வைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள் இறங்கியிருந்தது. பாலிப்பை எடுத்ததே போதுமா, குடலில் ஒரு பகுதியையும் நிணநீர்க்கணுக்களையும் எடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. வெட்டிய ஓரத்துக்கும் புற்றுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி உண்டா? இரத்தக்குழாயிலோ நிணநீர்க்குழாயிலோ நுழைந்திருக்கிறதா? புற்று உயிரணுக்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கின்றன? இளையவர்களிடம் முரட்டு வகைகளும் சளி சுரக்கும் வகைகளும் கூடுதலாகக் காணப்படுவதால், பாலிப்பின் சீவல்கள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளை இரண்டாவது நோயியல் மருத்துவரிடமும் காட்டினார்கள். என் நல்ல நேரம், எல்லாப் பதிலும் சாதகம். சி.டி. ஸ்கேனும் சுத்தம். அறுவை வேண்டாம் என்று முடிவானது.

இதே அறிக்கை அப்பாவுக்கு வந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். சாதகமாக இருந்தால் இதே முடிவுதான் என்றார். பாதகமாக இருந்தால்தான் வழி பிரியும். இந்த நிலையில் நிணநீர்க்கணுவுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. 38 வயதுக்காரிக்கு முன்னால் நிறைய ஆண்டுகள் இருக்கின்றன, உடம்பும் தாங்கும், அறுவைக்குத் தள்ளுவார்கள். 72 வயதுச் சர்க்கரைக்காரருக்கு அறுவையின் ஆபத்தையும் தராசில் வைக்க வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்தார்கள், டி.என்.ஏ.-வின் பழுதைச் சரிசெய்யும் நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று. முதியவர்களிடம் அது இல்லாமல் போவது பெரும்பாலும் வயதால் வந்த மாற்றம். என் வயதில் இல்லை என்றால் லிஞ்ச் என்னும் பரம்பரைக் கோளாறைச் சந்தேகிப்பார்கள். எனக்கு நான்கும் இருந்தன.

நிபுணர் கிளினிக்குக்குக் கட்டிய 5 வெள்ளியில் (ரிங்கிட்) இவ்வளவும் நடந்தது என்று பெருமையாகச் சொல்லலாம்தான், ஸ்கோப்புக்குத் தேதி கிடைக்கும் வரை காத்திருந்ததை மறந்துவிட்டால்.

பாலிப் எடுத்த இடத்தில் இரண்டு வாரம் வரைக்கும் இரத்தம் கசியலாம், பாரம் தூக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் செம்பனை ஓலை வெட்டக் கிளம்பினார், அரிவாளை ஒளித்து வைத்தோம். அவருக்கு அடுத்த ஸ்கோப் மூன்று ஆண்டு கழித்து. அப்போது 75 ஆகியிருக்கும், உடல்நிலையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள். "விட்டது சனி" என்று அவர் இப்போதே முடிவு செய்துவிட்டார். எனக்கு அடுத்த ஸ்கோப் ஓராண்டிலேயே.

தம்பி விஷயம்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. உடன்பிறந்தவருக்குப் புற்றுநோய் வந்தால் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்துகிறதோ அப்போது ஸ்கோப் செய்ய வேண்டும். என் கணக்கில் 28. தம்பிக்கு 35, ஜொகூரிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். எனக்கு ஒன்றும் இல்லையே என்கிறான். என் அறிக்கையின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்து, ஜொகூரிலேயே அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக் கடிதம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அப்பாவும் தினமும் போன் செய்து அந்தப் பொடியை எப்படிக் குடிப்பது என்று அவனுக்கு வகுப்பு எடுக்கிறார், அவன் இன்னும் கடிதமே வாங்கவில்லை.