அம்மாவின் குசினி பல்ப்

கிளிநொச்சியில் அம்மா வீட்டில் இன்னமும் மூன்று குண்டு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் 60 வாட். நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் ஒரு பல்புக்கே மாதம் 9 யூனிட். கிட்டத்தட்ட அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்ஈடிக்கு ஒன்றரை யூனிட்கூடப் போகாது. குண்டு பல்ப் இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. மேலே தகரக் கூரை வேறு.

நேற்று மூன்றையும் மாற்றினேன். மாதம் 22 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். இங்கே 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடுகிறது. 70, 75 யூனிட் என்று பில் வரும் வீட்டுக்கு இது பெரிய காசு.

யுத்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் துளித் துளியாக மண்ணெண்ணெய் விட்டு எங்களைப் படிக்க வைத்தவர் அம்மா. "வெளிச்சம் குறையாதோ பிள்ளை?" என்று கேட்டார். இரவு குசினியில் புது பல்பின் வெளிச்சத்தில் இருந்து அரிசியில் கல் பொறுக்கினார்.