மாதக்கணக்குக் கொப்பி

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் கொடியேற்றம் நெருங்கினால் எங்கள் கடையில் முகங்கள் மாறத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிட்ட இருக்கிற சைவச் சாப்பாட்டுக்கடை அது. காசு மேசை என் பொறுப்பு. மற்ற நாள்களில் வருகிறவர்கள் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், பஸ் சாரதிகள், கந்தோரில் வேலை செய்பவர்கள். திருவிழா நடக்கும் 25 நாளும் ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்று பல திசையிலிருந்தும் ஆள்கள் வருவார்கள். சாப்பிட்டுக் கை கழுவி, காசைக் கொடுத்த பிறகும் மேசையடியில் நின்று கதைப்பார்கள்.

அவர்கள் கதைப்பது பெரும்பாலும் கொழும்பைப் பற்றி. யாழ்ப்பாணத்துக் கடையில் இருந்துகொண்டு ஏன் கொழும்பு வெள்ளவத்தையை நினைக்கிறார்கள் என்று முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. யோசித்தால் காரணம் தெரியும். ஊரில் இருந்தவரை அவர்கள் கடையில் சாப்பிட்டதே குறைவு. வீட்டில் அம்மா பிட்டு அவித்து வைத்திருக்கக் கடைக்குப் போனால் பேச்சுத்தான் விழும். கடைச் சாப்பாடு அவர்களுக்குக் கொழும்பில்தான் பழகியது. படிக்கப் போனபோது, வேலைக்குப் போனபோது, எல்லாவற்றையும்விட, வெளிநாடு போவதற்காக லொட்ஜில் அறை எடுத்து மாதக்கணக்கில் காத்திருந்தபோது.

"நூறு ரூபாயோடை ஒரு நாள் போயிடும் தம்பி. காலமை இடியப்பம், மத்தியானம் சோறு, இரவுக்குத் தோசை, இடையிலை ரெண்டு தேத்தண்ணி. இப்ப அங்கை ஒரு நேரம் வெளியிலை சாப்பிடுறதெண்டாலும் நாலு தரம் யோசிக்கவேணும்" என்றார் ரொறொன்ரோவிலிருந்து வந்த ஒரு ஐயா. அவர் சொன்னது மெய். அந்த நூறு ரூபாயை வாங்கி லாச்சியில் போட்டவர்களில் நானும் ஒருவன்.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த பிறகு கொஞ்சக் காலம் வன்னியில் இருந்துவிட்டுக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒரு சைவக்கடையில் முதலில் மேசை துடைத்தேன், பிறகு பரிமாறினேன், அப்புறம் காசு மேசைக்கு வந்தேன். அங்கே பில் எழுதும் வழக்கம் கிடையாது. பரிமாறுகிறவர் வடையும் ரோல்ஸும் ஒரு தட்டில் அடுக்கி மேசை நடுவில் வைத்துவிட்டுப் போவார். எடுத்துத் தின்றதற்கு மட்டும் காசு. ஆள் எழும்பியதும் தட்டில் குறைந்ததைப் பார்த்து, மனதுக்குள் கூட்டி, "நீலச் சேர்ட் முப்பத்தெட்டு" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். நீலச் சேர்ட் என்னிடம் வந்து சேரும்போது மிச்சக் காசு என் கையில் தயாராக இருக்கும். மத்தியான நெரிசலில் நாலு பேருடைய குரல் ஒரே நேரத்தில் வரும். அதில் பிணக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

சாம்பாறும் சம்பலும் கேட்கக் கேட்க ஊற்றுவோம், அதற்குக் காசில்லை. கையில் காசு முடையானவர் இரண்டு தோசையைச் சாம்பாறில் ஊறவைத்து வயிற்றை நிரப்பிக்கொண்டு போகலாம். அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. அவர் மற்ற விஷயங்களில் இளகிய மனிதர் அல்ல. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்ததே இல்லை.

லொட்ஜில் இருந்தவர்களுக்கு மாதக்கணக்குக் கொப்பி இருந்தது. ஒருவருக்கு ஒரு பக்கம். பெயர் எழுதமாட்டோம், சொந்தப் பெயரைச் சொல்லவே பலர் தயங்கிய காலம் அது. போகவிருக்கிற நாட்டை எழுதுவோம். பிரான்ஸ் தம்பி, சுவிஸ் அண்ணை, கனடா அக்காவும் பிள்ளையும். ஏஜென்சிக்காரர் பயணத்தைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட அந்தப் பக்கமும் நீண்டுகொண்டு போகும். சிலர் இரவோடிரவாகப் புறப்பட்டார்கள், கணக்குத் தீர்க்க நேரம் இருக்காது. அப்படிப் போன பலருடைய காசு பிறகு தமையன் கையிலோ மச்சான் கையிலோ வந்து சேர்ந்தது. தீராமலே நின்ற பக்கங்களும் உண்டு. அவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. புறப்பட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பஸ்கள் போன அன்று காலை நாங்கள் வழமைபோல இடியப்பத்தை எடுத்து அடுக்கியிருந்தோம். எட்டு மணியாகியும் லொட்ஜுப் பக்கமிருந்து ஆளில்லை. பத்து மணிபோல முதலாளி கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு மிஞ்சிய இடியப்பத்தைப் பார்சல் கட்டச் சொல்லி, அறைகளில் தனித்துப்போனவர்களுக்குக் கொடுத்தனுப்பினார். இப்போது வருகிறவர்கள் தேத்தண்ணியின் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்து வாங்கிய துண்டைப் பற்றியும் சொல்லத் தொடங்குவார்கள். இரண்டும் அவர்களுக்கு ஒரே நாள்களின் நினைவு. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்த நகரத்தில், மூன்று வேளையும் மரியாதையாக உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் இருந்தது.

அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பரிமாறிய பெடியன்களில் அரைவாசிப் பேர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். கடை பூட்டிய பிறகு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் படுப்பார்கள். விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட எழும்பவேண்டும். சம்பளம் சொற்பம். இடியப்பத்தில் பெரும்பகுதி கடையில் அவித்ததும் அல்ல. ஒழுங்கைகளில் வாடகைக்கு இருந்த, எங்களைப்போலவே இடம்பெயர்ந்து வந்த பெண்கள் வீட்டில் பிழிந்து அவித்து, நூற்றுக்கு இவ்வளவு என்று தந்தது. அவர்களில் ஒரு அம்மாவுக்கு உரல் பிழிந்து பிழிந்து இரண்டு உள்ளங்கையும் காய்த்துப்போயிருந்தன. எண்ணித் தரும்போது ஒவ்வொரு நூறுக்கும் இரண்டு கூடப் போடுவார், வழியில் உடைந்திருந்தால் கணக்குக் குறையக் கூடாதென்று. நூறு ரூபாயில் ஒருவருக்கு ஒரு நாள் போனதென்றால், அந்த அம்மாவுக்கு அதில் கிடைத்தது மிகக் குறைவு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பாரிஸிலும் லண்டனிலும் உணவகக் குசினியில் கோப்பை கழுவித்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

இன்றைய விலை வேறு கதை. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 1,493 ரூபாய். 2022 ஏப்ரல் முடிவில் 4,860 ரூபாய். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. மாவு, எண்ணெய், பருப்பு எல்லாம் கூடவே ஏறின. நாங்கள் விறகடுப்புக்குத் திரும்பினோம், இரவுத் தோசையை நிறுத்தினோம். பிறகு எரிவாயு இறங்கியது. சாப்பாட்டு விலை பழைய இடத்துக்கு வரவில்லை.

கனடாவிலிருந்து வந்தவருக்கு 500 ரூபாய்ச் சாப்பாடு அந்த நாட்டுக் காசில் மூன்று டொலருக்கும் குறைவு. மலிவு என்று மனமாரச் சொல்கிறார். தனியார் துறைக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியில் மாதம் 30,000 ரூபாய் ஆனது. நாளுக்குப் பிரித்தால் 1,000. அதே மேசையின் மற்றப் பக்கத்தில் இருக்கிற புடைவைக்கடைப் பிள்ளைக்கு அந்தச் சாப்பாடு அரைநாள் உழைப்பு. வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், திருவிழா மாதத்து வியாபாரம்தான் எங்கள் கடையைத் தூக்கி நிறுத்துகிறது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு ஏற்றுகிற விலை பிறகு இறங்குவதில்லை. மார்கழி மழையில் முல்லைத்தீவிலிருந்து தகப்பனை வாட்டில் சேர்த்துவிட்டு வந்து நிற்கிறவரும் அதைத்தான் கொடுக்கவேண்டும்.

அதனால் இரவு ஏழு மணிக்குப் பிறகு பிட்டும் சொதியும் சம்பலும் மட்டும் ஒரு தனி விலைக்குக் கொடுக்கிறோம், வைத்தியசாலையில் துணைக்கு நிற்கிறவர்களை நினைத்து. திருவிழாக் காலத்திலும் அதில் கை வைப்பதில்லை. இப்போது இந்தக் கடை முதலாளியிடம் இன்னொன்று கேட்டிருக்கிறேன். அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும், வெளிமாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்திருக்கிற பெடியன்களுக்கும் மாதக்கணக்குக் கொப்பி தொடங்கவேண்டும், சம்பளமோ வீட்டுக் காசோ வந்த பிறகு தரட்டும். எத்தனை பேர் தராமல் போவார்கள் என்று அவர் கேட்டார். கொழும்புக் கொப்பியில் தந்தவர்களையும் தராதவர்களையும் பற்றிச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.