டகோமாவில் கேட்ட இரைச்சல்

சியாட்டிலுக்கு வரும் ராக் பைத்தியங்கள் நிர்வாணா, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்று அந்த நகரத்துக்குள்ளேயே சுற்றிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். எனக்கு தெற்கே ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் டகோமாதான் வேண்டியிருந்தது. தி சோனிக்ஸ் என்ற அறுபதுகளின் ராக் குழு பிறந்த ஊர் அது.

விரைவுப் பஸ் இருந்தும், பழைய 99ஆம் நெடுஞ்சாலை வழியே பஸ் மாறி மாறிப் போனேன். அறுபதுகளின் உள்ளூர்க் குழுக்கள் இளவட்டங்களை ஆடவைத்த ஸ்பானிஷ் காசில் நடன அரங்கு இந்தச் சாலையில்தான் இருந்தது. 1968இல் இடித்துவிட்டார்கள். வழிநெடுகப் பெட்ரோல் பங்குகள், கார் விற்கும் திடல்கள். வேறு ஒன்றும் இல்லை.

டகோமாவில் இறங்கியதுமே தலைக்கு மேல் ஒரு ராணுவ விமானம் உறுமிக்கொண்டு போனது. பக்கத்தில் மெக்கார்ட் விமானப்படைத் தளம். அங்கிருந்து கிளம்பிய ஜெட்டுகள் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எழுந்த 'சோனிக் பூம்' என்ற இடிமுழக்கம்தான் 1960இல் தொடங்கிய இந்தக் குழுவுக்குப் பெயர் கொடுத்தது.

ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் கேட்டதும், கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் 'தி விட்ச்' பாடலைச் சுழலவிட்டார். 1964இல் வந்தது. சாக்ஸபோனும் கிட்டாரும் ஒரே தடத்தில் முட்டிக்கொண்டு வர, ஜெர்ரி ரோஸ்லி தொண்டை கிழியக் கத்துகிறார். பாப் பென்னட்டின் டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு மைக் என்றால் நம்ப முடிகிறதா? கிட்டார் பிசிறடிக்க வேண்டும் என்பதற்காக லாரி பரைப்பா ஒலிபெருக்கியின் கூம்பில் ஐஸ் உடைக்கும் ஊசியால் துளை போட்டவர். 'பூம்' தொகுப்பைப் பதிவுசெய்தபோது, ஓசை முட்டித் திரும்பட்டும் என்று ஒலிக்கூடச் சுவரில் பதித்திருந்த ஒலித்தடுப்பையே பிய்த்தெறிந்தார்கள். இதையெல்லாம் வசதிக்குறைவு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெரிந்தே செய்த அட்டகாசம் இது.

ஹாலிவுட்டுக்குப் போய் நல்ல கருவிகளோடு மூன்றாவது தொகுப்பைப் பதிவுசெய்தார்கள். பாலிஷ் ஏறியது, காரம் இறங்கியது. குழுவினருக்கே அது பிடிக்கவில்லை. பிறகு ஆளுக்கொரு திசை. சாக்ஸபோன் வாசித்த ராப் லிண்ட் கடற்படை விமானியாக வியட்நாம் போனார். ஜெட் சத்தம் அவரை விடவில்லை!

2007இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மீண்டும் மேடை ஏறினார்கள். 2015இல் புதிய தொகுப்பு ஒன்றும் வந்தது; அதையும் பழையபடி மோனோவிலேயே, அதாவது ஒற்றை ஒலித்தடத்திலேயே, பதிவுசெய்தார்கள். கடைக்காரர் அதை எடுத்து நீட்டினார். நான் 'பூம்' தான் வாங்கினேன்.