சலைன் பட்டால் கெட்டுப்போகும் ஆம்போ

2021 மே மாதம் தமிழ்நாட்டில் கருப்புப் பூஞ்சையை அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோயாக அறிவித்தார்கள். அந்த நாட்களில் 'லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் பி' என்ற பூஞ்சை மருந்தின் பெயர் மருந்துக்கடை வாசலில் காத்துக்கிடந்தவர்கள் வாயில்கூடப் புழங்கியது. விலை ஏன் இவ்வளவு, சாதா ஆம்போ (லைபோசோம் இல்லாத பழைய ஆம்ஃபோடெரிசின்) போட்டால் ஆகாதா என்ற கேள்வி இன்றும் வருகிறது. இரண்டு குப்பியிலும் மருந்து அதேதான், 50 மி.கி. வித்தியாசம் அதைச் சுமந்து போகும் வண்டியில். அந்த வண்டி நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே, ரத்தத்தில் இறங்கும் முன்பே உடைந்துபோகவும் வழி இருக்கிறது. இந்தப் பதிவு முக்கியமாக அதைப் பற்றித்தான்.

ஆம்ஃபோடெரிசின் 1950களில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்தது. பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டெராலைப் பிடித்துக்கொண்டு சவ்வைக் குலைக்கும். நம் செல் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால், எர்கோஸ்டெராலின் நெருங்கிய உறவு. மருந்து அதையும் ஓரளவு பிடிக்கும். அதற்கு முதலில் பலியாவது சிறுநீரகக் குழாய்கள். மருந்து தண்ணீரில் கரையவே கரையாது என்பதால், பழைய தயாரிப்பில் டீஆக்சிகோலேட் என்ற பித்த உப்பைச் சேர்த்துக் கரைத்தார்கள். ரத்தத்தில் கலந்ததும் அது மருந்தைக் கைவிட்டுவிடும். விடுபட்ட மருந்து கண்ட இடத்தில் ஒட்டும்.

லைபோசோமில் மருந்து கொழுப்பு உருண்டையின் சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருக்கிறது. உருண்டையின் விட்டம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. மூலத் தயாரிப்பின் ஒரு குப்பியில் 50 மி.கி. மருந்துக்கு ஹைட்ரஜன் ஏற்றிய சோயா பாஸ்பாடிடைல்கோலின் 213 மி.கி., கொலஸ்ட்ரால் 52 மி.கி., டிஸ்டியரோயில் பாஸ்பாடிடைல்கிளிசரால் 84 மி.கி., சுக்ரோஸ் 900 மி.கி. உண்டு. முதல் கொழுப்பு 50 டிகிரிக்கு மேல் போனால்தான் இளகும், அதனால் 37 டிகிரி ரத்தத்தில் சுவர் விறைப்பாகவே நிற்கும். மூன்றாவது எதிர்மின்னேற்றம் கொண்டது, மருந்தின் அமினோ முனையைப் பிடித்துவைக்கும். கொலஸ்ட்ரால் மருந்துக்கு ஒரு துணை. பூஞ்சைக்கு அருகே போனதும் எர்கோஸ்டெரால் மேல் பற்று அதிகம் என்பதால் மருந்து அங்கே மாறிக்கொள்கிறது. முழு உருண்டையே பூஞ்சையின் செல் சுவரைத் துளைத்து உள்ளே போவது மின்நுண்ணோக்கியில் தெரிந்திருக்கிறது. சுவரின் துளைகளைவிட உருண்டை பெரியது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஆச்சரியம்தான்.

இனி கலக்கும் முறை. கையுறை போட்ட கையில், சுத்தமான மேசையில். ஒவ்வொரு குப்பிக்கும் 12 மி.லி. ஊசிக்கான மலட்டு நீர். ஏன் பன்னிரண்டு? உள்ளே இருக்கும் தூளுக்கே கொஞ்சம் கனஅளவு உண்டு. கரைந்ததும் மொத்தம் 12.5 மி.லி. ஆகும், மி.லி.க்கு 4 மி.கி. என்ற கணக்கு அப்போதுதான் சரியாக வரும். 10 மி.லி. ஊற்றிவிட்டு 5 மி.கி. என்று நினைத்துக்கொள்வது சாதா ஆம்போவின் பழக்கம். இங்கே அது டோஸைக் குழப்பும்.

நீர் விட்டவுடனே, தாமதிக்காமல், குறைந்தது 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். ஆறு குப்பிக்கும் வரிசையாக நீரை ஊற்றி வைத்துவிட்டு பிறகு ஒவ்வொன்றாகக் குலுக்கினால் முதல் குப்பியில் கட்டிகள் மிஞ்சும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் மஞ்சளாக, பால் கலந்ததுபோல் லேசாக ஒளி ஊடுருவும் கலவை தெரிய வேண்டும். அடியில் துகள் நின்றால் மறுபடி குலுக்குங்கள். பாக்டீரியா வளராமலிருக்க பென்சைல் ஆல்கஹால் சேர்த்த நீரைத் தொடவே கூடாது, மருந்து திரிந்து வீழ்படிந்துவிடும்.

அடுத்து நீர்க்கச் செய்வது. 60 கிலோ எடையுள்ளவருக்கு கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 300 மி.கி., அதாவது ஆறு குப்பி, 75 மி.லி. 250 மி.லி. 5% டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைநீர்) பாட்டிலிலிருந்து 25 மி.லி.யை எடுத்துவிட்டு, மீதி 225 மி.லி.யில் இதைச் சேர்த்தால் மி.லி.க்குச் சரியாக 1 மி.கி. வரும். இந்த அடர்த்தி பெரியவர்களுக்கு மி.லி.க்கு 1 முதல் 2 மி.கி. வரை, கைக்குழந்தைகளுக்கு 0.2 முதல் 0.5 மி.கி. வரை இருக்கலாம். குப்பியிலிருந்து இழுத்த மருந்தைக் கூடவே வரும் 5 மைக்ரான் ஃபில்டர் வழியாகத்தான் பாட்டிலுக்குள் தள்ள வேண்டும். குப்பிக்கு ஒரு ஃபில்டர். ஒன்றையே ஆறு குப்பிக்கும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். டிரிப் லைனில் ஃபில்டர் போடுவதானால் துளை 1 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. 0.2 மைக்ரான் ஃபில்டரை வைத்துவிட்டு, மருந்து ஏன் இறங்கவில்லை என்று தேடுவதில் பயனில்லை.

இப்போது சலைன் (உப்புநீர்) விஷயம். இந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்பது அவற்றின் எதிர்மின்னேற்றத்தால். உப்பு சேர்ந்தால் அந்த மின்னேற்றம் மறைக்கப்பட்டு உருண்டைகள் சேர்ந்து திரளும், பாட்டிலில் மஞ்சள் திரிதிரியாகத் தெரியும். தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, கருப்புப் பூஞ்சை நோயாளிகளில் பலருக்குக் கட்டுப்படாத சர்க்கரை இருக்கும். 'சுகர் 380, டெக்ஸ்ட்ரோஸ் எதுக்கு, என்.எஸ்.லயே (நார்மல் சலைன்) கலந்துடலாம்' என்று ஒருவருக்குத் தோன்றும். 225 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது சுமார் 11 கிராம் சர்க்கரை. அதற்கு இன்சுலினைக் கூட்டிக்கொள்ளலாம், திரவத்தை மாற்றக் கூடாது. இரண்டாவது, சிறுநீரகத்தைக் காக்க ஆம்போவுக்கு முன்னால் அரை முதல் ஒரு லிட்டர் சலைன் ஏற்றுவது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அதே லைனில் சலைன் நிற்கும்போதே ஆம்போவை மாட்டினால் குழாய்க்குள்ளேயே கலப்பு நடக்கும். நடுவில் 5% டெக்ஸ்ட்ரோஸ் விட்டுக் குழாயைக் கழுவுங்கள், முடிந்தபின்னும் அப்படியே. தனி லைன் கிடைத்தால் இன்னும் உத்தமம்.

(எல்லாப் பிராண்டுக்கும் ஒரே விதி இல்லை. இந்தியாவில் உருவான ஃபங்கிசோம் உப்புநீரிலேயே தயாராக வரும், போடுவதற்கு முன் 45 நிமிடம் சோனிகேட்டரில் (ஒலியலையால் அதிரவைக்கும் கருவி) வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிப்பதற்கு மாற்று கிடையாது. குளிர்பதன விதியும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். எதையும் ஃப்ரீஸரில் மட்டும் வைக்காதீர்கள்.)

டிரிப் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும், நோயாளி தாங்கினால் ஒரு மணி நேரமாகக் குறைக்கலாம். டெக்ஸ்ட்ரோஸில் சேர்த்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். சிலருக்கு நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல், இடுப்பிலோ விலாவிலோ கடும் வலி, முகம் சிவத்தல் எல்லாம் சட்டென்று வரும். இவை கொழுப்பு உருண்டைக்கு உடல் காட்டும் எதிர்வினை. உடனே டிரிப்பை நிறுத்தி ஆன்டிஹிஸ்டமின் (ஒவ்வாமை மருந்து) கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், பிறகு மெதுவாகத் தொடரலாம். சாதா ஆம்போவின் குளிர்ஜுரமும் நடுக்கமும் வேறு கதை. அது மருந்தே கிளப்புவது, லைபோசோமில் குறைவு.

உயிரையே வாங்கும் தவறு பெயரில் இருக்கிறது. லைபோசோமலுக்கு கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. சாதாரணம், கருப்புப் பூஞ்சைக்கு 10 வரைகூடப் போவதுண்டு. சாதா ஆம்போவில் கிலோவுக்கு 1.5 மி.கி.யைத் தாண்டினால் இதயமே நின்றுவிடக்கூடும். தட்டுப்பாட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்து, சீட்டில் வெறுமனே 'ஆம்போ 300' என்று எழுதியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சீட்டில் முழுப்பெயரும் கிலோ கணக்கும் இருக்க வேண்டும். கிலோவுக்கு 1.5 மி.கி.யைத் தாண்டும் எந்த டோஸுக்கும் கையில் இருப்பது எந்தக் குப்பி என்று இரண்டாவது ஆள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கிலோவுக்கு 10 மி.கி.க்குத் தாவுவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பிரான்சில் கருப்புப் பூஞ்சைக்கு அந்த டோஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 40% பேருக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) இரட்டிப்பானது. ஆனால் எச்.ஐ.வி. உள்ளவர்களின் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையின் மூளைக்காய்ச்சலில் கணக்கு வேறு. அங்கே கிலோவுக்கு 10 மி.கி. ஒரே ஒரு தடவை, கூடவே இரண்டு வாரம் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் என்ற வேறு இரண்டு பூஞ்சை மருந்துகளும். ஐந்து ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2022-ல் வெளிவந்த ஆய்வில் பத்து வார இறப்பு 24.8%, ஒரு வாரம் சாதா ஆம்போவோடு தொடங்கிய முறையில் 28.7%. திசுக்களில் வாரக்கணக்கில் தங்கும் தன்மை அங்கே கைகொடுக்கிறது. சிறுநீரில் மருந்து அதிகம் இறங்காது, எனவே சிறுநீர்ப்பையில் வரும் கேண்டிடா பூஞ்சைக்கு இதை நம்ப வேண்டாம். ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்ற பூஞ்சைக்கு எந்த வண்டியில் ஏற்றி அனுப்பினாலும் பலன் சொற்பம்.

பரிசோதனைகளில் கிரியாட்டினினை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். பொட்டாசியமும் மக்னீசியமும் அதற்கு முன்பே கசியத் தொடங்கும். பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தைப் பாருங்கள், அதை நிரப்பாமல் பொட்டாசியம் நிற்காது. இன்னொன்று, லைபோசோமல் ஓடும் நோயாளிக்கு ரத்த பாஸ்பேட் திடீரென எகிறியிருப்பதாக ரிப்போர்ட் வந்து, கால்சியமும் கிரியாட்டினினும் அசையாமல் இருந்தால், பாஸ்பேட்டைக் குறைக்கும் சிகிச்சையைத் தொடங்கும் முன் ஆய்வகத்துக்கு ஒரு போன் போடுங்கள். சில கருவிகளின் பாஸ்பேட் முறையில் இந்தக் கொழுப்பு உருண்டையே பொய்யாக உயர்த்திக் காட்டும். வேறு முறையில் பார்த்தால் அளவு இயல்பாகவே இருக்கும்.